லாம்ப் ஹோம் சிற்றாலயம்: பீடத்திலிருந்து வாசலை நோக்கி வளர்ந்த ஒரு கட்டடம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுக் கூட்டத்தில், லாம்ப் ஹோம் என்றொரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. மரம் கிடையாது, புல்வெளி, கடல், ஓயாத காற்று. அங்கே நிற்கும் கத்தோலிக்கச் சிற்றாலயத்தை ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் முகப்பின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நேரே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தால்தான் அதன் விசித்திரம் புரியும். எதிரே நின்றால் வெள்ளை முகப்பு, தூண்கள் தாங்கிய வளைவு வாசல், மேலே மணிக்கூண்டு, ஓரங்களில் கூர்நுனிச் சிறுகோபுரங்கள் என்று இத்தாலியச் சிற்றூர்க் கோவில் ஒன்றின் தோற்றம். பத்தடி நகர்ந்து பக்கவாட்டில் நின்றால் ராணுவக் கொட்டகை.

இச்சிற்றாலயத்தைப் பற்றி எழுதியவர்கள் பொதுவாக இரண்டு காரணங்களைச் சொல்வார்கள்: போர்க் கைதிகளின் பக்தி, தொமெனிக்கோ கியோக்கெத்தி என்ற ஒருவரின் கலைத்திறன். இரண்டும் உண்மை. ஆனால் கட்டடம் ஏன் இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு அவை விடையாகா. கட்டிய வரிசையைப் பின்தொடர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இது முழு வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுப்பிய கட்டடம் அல்ல. பீடத்தில் தொடங்கி வாசலை நோக்கி வளர்ந்தது. முடிந்த ஒவ்வொரு பகுதியும் முடியாத பகுதியின் அலங்கோலத்தை வெளிச்சம்போட்டுக் காட்ட, அடுத்த வேலை தானாக வந்து சேர்ந்தது.

கதையின் தொடக்கம் ஆலயத்தில் இல்லை, கடலுக்கு அடியில் இருக்கிறது. 1939 அக்டோபர் 14 அன்று அதிகாலை, குந்தர் பிரீன் தலைமையிலான ஜெர்மானிய நீர்மூழ்கி யு-47, ஆர்க்னியின் ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள் புகுந்து ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தது. 830-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். பிரீன் உள்ளே வந்த வழி கிர்க் சவுண்ட் என்ற குறுகிய நீர்வழி. பழைய கப்பல்களை அங்கே மூழ்கடித்து வழியை அடைத்திருந்தார்கள். அவற்றின் இடைவெளியில் அவர் நுழைந்துவிட்டார். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், கிழக்குப் பக்க நீர்வழிகளை நிரந்தரமாக அடைக்க உத்தரவிட்டார். 1940-இல் வேலை தொடங்கியது. மெயின்லாந்து, லாம்ப் ஹோம், கிளிம்ப்ஸ் ஹோம், பரே, தெற்கு ரொனால்ட்சே என ஐந்து தீவுகளை நான்கு தடுப்புகள் இணைக்க வேண்டும். கம்பிக் கூடைகளில் பாறைகளை நிரப்பிக் கடலில் இறக்கி, அவற்றின் மேல் ஐந்து டன், பத்து டன் எடையுள்ள கான்கிரீட் கட்டிகளை அடுக்கும் முறை அது.

உள்ளூரில் ஆள் போதவில்லை. வட ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இத்தாலியர்கள் 1942-இல் ஆர்க்னிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். (அதே போர்முனையில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் முகாம்களுக்கும் வந்தது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாத செய்தி.) ஆர்க்னிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது பேர் லாம்ப் ஹோமில் இருந்த 60-ஆம் எண் முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. போர் நடவடிக்கையோடு நேரடித் தொடர்புள்ள வேலையைக் கைதிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது 1929-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம். துறைமுகத்துக்கு அரண் கட்டுவது போர்வேலை இல்லாமல் வேறென்ன? கைதிகள் அப்படித்தான் கேட்டார்கள். வேலைக்குப் போக மறுத்தார்கள். தீவுகளுக்கிடையே மக்கள் போய்வருவதற்கான பாதைதான் கட்டப்படுகிறது என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அன்றைக்கு அது சாக்குதான். ஆனால் 1945 மே 12 அன்று தடுப்புகள் முறைப்படி திறக்கப்பட்டபோது ஐரோப்பாவில் போர் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன, சாக்கு மெய்யாகிவிட்டது. இன்று சிற்றாலயத்துக்குக் கார்கள் வருவது அந்தப் பாதையில்தான்.

அதே ஒப்பந்தம் கைதிகளுக்கு முழு வழிபாட்டு உரிமையையும் தருகிறது. 1943-இல் முகாமுக்குப் புதிய தலைமை அதிகாரியாக வந்த மேஜர் தாமஸ் பக்லண்ட், முகாமின் ஆன்மகுருவான அருட்தந்தை ஜாக்கோபாட்சி இருவரும் வழிபாட்டுக்கென ஓர் இடம் வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். பக்லண்டின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை வேலைநிறுத்தம் நடந்துவிட்ட முகாமில், கைதிகளின் மனநிலையைக் கவனிப்பது நிர்வாகத்துக்கும் தேவையாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆலயத்தை அன்பளிப்பாக மட்டும் பார்க்கும் எழுத்துகள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுகின்றன.

கைதிகள் ஏற்கெனவே சும்மா இருக்கவில்லை. பதின்மூன்று குடில்கள் கொண்ட முகாமில் பாதை போட்டுப் பூச்செடி வைத்திருந்தார்கள்; பொழுதுபோக்குக் குடிலுக்குக் கான்கிரீட்டிலேயே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை செய்திருந்தார்கள். வடஇத்தாலிய மலைப்பகுதியில் மொயேனா என்ற ஊரைச் சேர்ந்த கியோக்கெத்தி, முகாமின் நடுத்திடலில் புனித ஜார்ஜியார் அரக்கப் பாம்பைக் குத்தும் சிலையை எழுப்பினார். உள்ளே முள்கம்பி, மேலே சிமெண்டு. சிலையின் அடிப்பீடத்துக்குள் கைதிகளின் பெயர்ப் பட்டியலையும் சில இத்தாலிய நாணயங்களையும் வைத்து மூடினார்கள். கைதிகளை வளைத்திருந்த அதே பொருளைச் சிலைக்கு எலும்பாக வைத்தது வேண்டுமென்றே செய்ததா, கையில் கிடைத்ததா என்று வாதிடலாம். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. பின்னால் வந்த ஆலயத்திலும் பொருள்களைத் தேர்ந்தெடுத்தது குறியீட்டு ஆசை அல்ல, தட்டுப்பாடு.

1943-இன் இறுதியில் இரண்டு நிசன் குடில்கள் கிடைத்தன. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த பீட்டர் நிசன் 1916-இல் வடிவமைத்த குடில் இது: வளைத்த நெளித்தகரத் தகடுகளை விலாச் சட்டங்களில் பொருத்தி, பீப்பாயை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல் எழுப்புவார்கள். சுவர், கூரை என்ற பிரிவே கிடையாது. சில பேர் சேர்ந்து சில மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். இந்த இரண்டையும் முனைக்கு முனை இணைத்தார்கள். தொடக்கத் திட்டப்படி ஒரு முனையில் கோவில், மறு முனையில் கைதிகளுக்கான பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் பிறகு காணாமல் போனதுதான் இந்தக் கட்டட வரலாற்றின் திருப்பம்.

முதல் கட்டம் பீடப் பகுதி. நெளித்தகரத்தை மறைத்து உட்புறம் பிளாஸ்டர் பலகை அடித்தார்கள். பலிபீடம், பீடத்தின் முன்கிராதி, தீர்த்தத் தொட்டி ஆகியவற்றைக் கான்கிரீட்டில் வார்த்தார்கள். பீடத்துக்குப் பின்சுவரில் கியோக்கெத்தி மாதாவும் குழந்தையுமாக ஓர் ஓவியம் தீட்டினார். அவர் தாய் கொடுத்தனுப்பி, போர் முழுக்கப் பையில் வைத்திருந்த ஒரு செபப் படம் அதற்கு மாதிரி. நிக்கொலோ பராபீனோவின் ஒலிவ மாதா ஓவியத்தின் நகல் அது. குழந்தையின் கையில் ஒலிவக் கிளை. சூழ்ந்திருக்கும் வானதூதக் குழந்தைகளில் ஒன்று வாளை உறையில் இடுகிறது. இன்னொன்று மொயேனா ஊரின் சின்னத்தைப் பிடித்திருக்கிறது. இரு பக்கமும் கண்ணாடியில் வண்ணம் தீட்டிய சன்னல்கள்: அசிசியின் புனித பிரான்சிஸ், சியன்னாவின் புனித கத்தரீனாள். மேல்வளைவில் நற்செய்தியாளர் நால்வரின் சின்னங்கள், நடுவே வெண்புறா. நற்கருணைப் பேழைக்கான மரம் உடைந்த கப்பல் ஒன்றிலிருந்து வந்தது. பீடத்தின் இரு பக்கமும் தொங்கும் பொன்னிறத் திரைகளைக் கைதிகள் தங்கள் நலநிதியிலிருந்து பணம் கொடுத்து எக்ஸிட்டர் நகரக் கடையில் வாங்கினார்கள்.

பீடப் பகுதி முடிந்ததும் சிக்கல் தொடங்கியது. இந்தப் பக்கம் ஓவியமும் திரையும். அந்தப் பக்கம் பச்சைத் தகரம். இரண்டையும் பிரிக்கத் தடுப்பு ஒன்று தேவைப்பட்டது. கொல்லுவேலை தெரிந்த பாலும்பி நான்கு மாதம் உழைத்து, கழிவு இரும்பில் சரிகைபோல் நுணுக்கமான ஒரு பீடத்தடுப்பைச் செய்தார். ஆனால் தடுப்பு பிரிக்கவில்லை. வழிபாட்டிடத்தில் நிற்பவரின் கண்ணை அது இன்னும் கூர்மையாகப் பீடத்தின் பக்கம் இழுத்தது. திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் தகரக் கொட்டகை முன்னைவிட மோசமாகத் தெரிந்தது. முழு நீளத்துக்கும் பிளாஸ்டர் பலகை அடிப்பதென்று முடிவாயிற்று. பக்லண்ட் பலகைக்கு ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூடத்துக்கு இடமில்லாமல் போனது.

கட்டடக் கலை நோக்கில் மிகத் துணிச்சலான வேலை இந்த இரண்டாம் கட்டம்தான். பலகை ஒட்டிய வளைவின்மேல் செங்கற்களும் செதுக்குக் கற்களும் வரைந்தார்கள், ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் கொடுத்து. தட்டையான பரப்பு புடைத்து நிற்பதாகக் கண் நம்பிவிடுகிறது. கிட்டே போய் விரலால் தொட்டால்தான் நம்பிக்கை உடையும். இந்தக் கண்கட்டு வித்தை இவ்வளவு நன்றாக எடுபட்டதற்கு ஓவியரின் கை மட்டும் காரணம் இல்லை. நிசன் குடிலின் குறுக்குவெட்டு அரைவட்டம். இத்தாலியின் பழைய கோவில்களில் கல்லால் கட்டிய அரைவட்டக் கூரையும் அதே அரைவட்டம். கொட்டகையின் வடிவத்தோடு ஓவியர்கள் போராடவில்லை. அதற்குள் ஏற்கெனவே ஒளிந்திருந்த ஒரு கோவில் வடிவத்தைத் தோண்டி எடுத்தார்கள். சதுரமான மரக் கொட்டகை ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தால் இந்த ஆலயம் பிறந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

விளக்குக் கூண்டுகளைப் பதப்படுத்திய மாட்டிறைச்சி டின்களை வெட்டிச் செய்தார்கள். மெழுகுவர்த்தித் தாங்கிகளில் சிலவற்றைப் பாலும்பி இரும்பிலும், மற்றவற்றைப் பிரிமவேரா பித்தளையிலும் செய்தார்கள். பிரிமவேராவும் மிக்கெலோனியும் மின்பணியாளர்கள். உள்ளே எல்லாம் முடிந்தபோது பழைய சிக்கல் வெளியே இடம் மாறியது: இவ்வளவு அழகுக்குள் நுழைய ஒரு தகரக் கதவா? மூன்றாம் கட்டம் முகப்பு. சிமெண்டு வேலையாளான புத்தபாஸ்தா அதில் முக்கியப் பங்கெடுத்தார். வாசல் வளைவுக்கு மேல் முள்முடி சூடிய கிறிஸ்துவின் தலையைப் பென்னீசி சிவந்த களிமண்ணில் வடித்துப் பதித்தார். முகப்பு குடிலின் வளைவை மறைக்கும்படி அகலமாகவும் உயரமாகவும் எழுந்தது. பக்கங்கள் கொட்டகையின் வடிவத்திலேயே நின்றன.

ஆக, ஒரு மனிதரின் படைப்பு என்ற பேச்சைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. கியோக்கெத்தி இல்லாமல் பீடம் இல்லை. ஆனால் கட்டடத்தை ஒவ்வொரு முறையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளியவை இரும்புத் தடுப்பும் சிமெண்டு முகப்பும். அவை கொல்லர், கொத்தர் கைகளிலிருந்து வந்தவை. கைதிகள் கட்டிய ஆலயங்கள் வேறு இடங்களிலும் உண்டு. வேல்ஸில் ஹென்லான் முகாமில் மாரியோ ஃபெர்லிட்டோ கிடைத்த சாயங்களைக் கொண்டு ஒரு குடிலுக்குள் ஓவியம் தீட்டினார். கென்யாவின் பெரும்பிளவுப் பள்ளத்தாக்குச் சரிவில் சாலை போட்ட இத்தாலியக் கைதிகள் ஒரு சிறு கற்கோவிலைக் கட்டினார்கள். முன்னது உள்ளே மட்டும் கோவில். பின்னது முதலிலிருந்தே கோவில். கொட்டகை உள்ளிருந்து வெளியே வந்து கோவிலாக மாறிய படிநிலை லாம்ப் ஹோமில்தான் தெளிவாகத் தெரிகிறது.

1944 செப்டம்பரில் கைதிகள் தீவை விட்டுப் போனார்கள். திருமுழுக்குத் தொட்டி மட்டும் முடியவில்லை என்பதால் கியோக்கெத்தி அதை முடிக்கப் பின்தங்கினார். தீவின் உரிமையாளரும் ஆர்க்னியில் அரசரின் பிரதிநிதியுமான சதர்லண்ட் கிரேம், ஆர்க்னி மக்கள் ஆலயத்தைக் காப்பார்கள் என்று வாக்களித்தார். முகாமின் மற்ற குடில்கள் பிரிக்கப்பட்டன. ஆலயமும் ஜார்ஜியார் சிலையும் எஞ்சின. சில மாதங்கள் தாங்கினால் போதும் என்று செய்த பொருள்கள் அந்த ஈரக் காற்றில் பத்தாண்டுக்கு மேல் பராமரிப்பின்றி இருந்தன. 1958-இல் உள்ளூர் மக்கள் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆர்க்னி நீண்டகாலமாகப் பிரஸ்பிட்டேரியன் சபையின் மண்.

1960-இல் பிபிசி முயற்சியால் கியோக்கெத்தி திரும்பி வந்து மூன்று வாரம் தங்கித் தம் ஓவியங்களைப் புதுப்பித்தார். 1964-இல் மனைவியோடு வந்தபோது மரத்தில் செய்த பதினான்கு சிலுவைப் பாதை நிலைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். 1999-இல் அவர் இறந்தார். 2014-இல் அந்தப் பதினான்கில் மூன்றைத் திருடர்கள் எடுத்துப் போனார்கள். பின்னர் இத்தாலியிலிருந்து அந்தோனெல்லா பாப்பா என்ற ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் வந்து சுவரோவியங்களைச் சீரமைத்தார். இன்று ஆலயம் அரசின் முதல்நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கோடை மாதங்களில் திருப்பலியும் நடக்கிறது.

பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்த பிறகு கேள்வி இன்னும் சிக்கலாகிறது. எதைப் பாதுகாப்பது? 1944-இன் வண்ணத்தின் மேல் 1960-இன் வண்ணம் இருக்கிறது. இரண்டும் அதே ஓவியரின் கை. சிலுவைப் பாதை நிலைகள் முகாம் மறைந்து இருபது ஆண்டு கழித்து வந்தவை. ஆனால் அவை இல்லாத உட்புறத்தை இன்றைய வழிபாட்டினர் கண்டதில்லை. ஓவியம் தங்கியிருப்பது பலகையில், பலகை தங்கியிருப்பது தகரத்தில், தகரம் உப்புக்காற்றில். கல்லாலான கோவிலில் ஓவியம் போனாலும் சுவர் நிற்கும். இங்கே அந்த வரிசை தலைகீழ்: ஓவியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் யாரும் படமெடுக்காத அந்தக் கொட்டகையைத்தான் முதலில் காப்பாற்றியாக வேண்டும்.