மூளைத் திசுவிலிருந்து மாந்தோப்புக் கிராமம் வரை: விஜயலட்சுமி ரவீந்திரநாத்தின் ஆய்வுப் பாதையும் பல்லடத்துக்கு அது சொல்வதும்

இந்தியாவில் அல்சைமர் நோய் ஆராய்ச்சி வளர்ந்த கதையின் பெரும்பகுதியை ஒருவரின் பணிவாழ்க்கையிலேயே படித்துவிடலாம். விஜயலட்சுமி ரவீந்திரநாத் 1953-இல் சென்னையில் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பையும் முதுகலையையும் முடித்து, 1981-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ஆய்வுப் பயிற்சி முடித்துத் திரும்பி, 1986-இல் பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அங்கே, இறந்தவர்களின் மூளைத் திசுவில் நொதிகளைத் தேடத் தொடங்கியவர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு கோலார் மாவட்டத்தில் நல்ல உடல்நிலையில் இருக்கும் விவசாயிகளைப் பரிசோதிக்கும் திட்டத்தை நடத்தினார். நோய் தின்று முடித்த மூளையைப் பார்ப்பதை விட்டு, நோய் வருவதற்கு முந்தைய வாழ்க்கையைப் பார்க்க அறிவியல் திரும்பியதன் தடம் இது. பல்லடம் போன்ற விசைத்தறித் தொழில் ஊர்களுக்கு இந்தத் திருப்பத்தில் நேரடியான பங்கு இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அலோயிஸ் அல்சைமர் தம் நோயாளி அவுகுஸ்தே டேட்டரின் மூளையில் கண்ட படிவுகளையும் நரம்பு முடிச்சுகளையும் ஜெர்மனியில் ஒரு மருத்துவக் கூட்டத்தில் விவரித்தது 1906-இல். அந்தப் பெண்ணை மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்றுதான். அதனால் இது நடுவயதினருக்கு வரும் அரிய நோய் என்றே நெடுங்காலம் கருதினார்கள். முதியவர்களின் மறதி வேறு கணக்கில் போனது. இரண்டும் ஒன்றே என்று அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் காட்ஸ்மன் அழுத்தமாக எழுதியது 1976-இல். படிவுகளில் உள்ள அமிலாய்டு பீட்டா புரதத்தைப் பிரித்தெடுத்தது 1984-இல். விஜயலட்சுமி நிம்ஹான்ஸுக்கு வந்தபோது இத்துறை மறுபிறப்பெடுத்துப் பத்தாண்டுதான் ஆகியிருந்தது.

அவர் எடுத்த முதல் கேள்வி அல்சைமர் பற்றியதல்ல. நாம் விழுங்கும் மருந்தைக் கல்லீரல் மாற்றி வெளியேற்றுகிறது. மூளைக்குள்ளேயும் அப்படி ஒரு வேலை நடக்கிறதா? சாலை விபத்தில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையில் கிடைத்த திசுவை வைத்து, மனித மூளையில் சைட்டோகுரோம் பி-450 நொதிகள் இருப்பதை அவர் குழு 1989-இல் காட்டியது. மனநல மருந்துகள் மூளைக்குள்ளேயே உருமாறக்கூடும் என்பது அதன் உட்பொருள். ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போவதைப் புரிந்துகொள்ள அது ஒரு வழி திறந்தது.

அடுத்து அவர் கைக்கொண்ட பொருள் இன்னும் மண்ணோடு ஒட்டியது. வறட்சிக் காலத்தில் வட, மத்திய இந்தியாவின் ஏழைகள் கேசரிப் பருப்பைத் தின்று கால் விறைத்து முடமாவார்கள். லதிரிசம் எனப்படும் இந்த நோய் பெண்களைவிட ஆண்களையே அதிகம் தாக்கும். அந்தப் பருப்பிலுள்ள நச்சு, நரம்பணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வினைச்சங்கிலியில் முதல் கண்ணியை முடக்குகிறது என்பதையும், குளூட்டாரெடாக்சின் என்னும் சிறு புரதம் அதை மீட்கிறது என்பதையும் விஜயலட்சுமியின் ஆய்வுகள் காட்டின. பெண் எலிகளின் மூளையில் அந்தப் புரதம் கூடுதலாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் அதைத் தூண்டியது. ஒரே நச்சு ஆணையும் பெண்ணையும் வேறு அளவில் தாக்குவதற்கு அணுவுக்குள்ளேயே ஒரு காரணம் கிடைத்தது. அவருடைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏழை வீட்டுச் சட்டியில் வெந்த பருப்பைப் பின்தொடர்ந்து போய், நரம்பு ஏன் சாகிறது என்ற பொதுக்கேள்விக்கு விடை தேடிய ஆய்வு இது.

1996-இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது வந்தது. மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன இயக்குநரானார். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2003-இல் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2009-இல் விஜயலட்சுமி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து நரம்பறிவியல் மையத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு பத்மஸ்ரீ.

2012-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு நம் ஊர் நாட்டு மருந்துக் கடைவரை பேசப்பட்டது. அமுக்கரா கிழங்கின் சாறு பற்றியது அது. அல்சைமர் மாற்றங்கள் வரும்படி மரபணு திருத்தப்பட்ட எலிகளுக்கு 30 நாள் அந்தச் சாற்றைக் கொடுத்தார்கள். வழி மறந்த எலிகள் மீண்டும் கற்றன. மூளையில் அமிலாய்டு குறைந்தது. மருந்து வேலை செய்த இடம் மூளை அல்ல, கல்லீரல். அங்கே எல்.ஆர்.பி. என்னும் ஏற்பிப் புரதம் பெருகி, இரத்தத்திலுள்ள அமிலாய்டை இழுத்துக்கொள்ள, மூளையிலிருந்து அது இரத்தத்துக்கு வடிந்தது. கல்லீரலில் மட்டும் அந்தப் புரதத்தை அடக்கியபோது பலன் மறைந்துவிட்டது. சான்றை இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய ஆய்வை, ‘அமுக்கரா சாப்பிட்டால் மறதி போகும்’ என்று சுருக்கி விற்பது எனக்கு ஏற்புடையதல்ல. எலியில் கிடைத்த விடை அது. மனிதரில் அது அல்சைமரைத் திருப்பும் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை. அல்சைமர் எலிகளைக் குணமாக்கிய எத்தனையோ பொருள்கள் மனிதரிடம் தோற்றிருக்கின்றன.

அந்தத் தோல்விகளே துறையைத் திருப்பின. மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டு முன்பே மூளையில் படிவு தொடங்கிவிடுகிறது. 2018-இல் விஜயலட்சுமியின் குழுவே, நரம்பிணைப்புகளைத் தாங்கும் ஆக்டின் இழைகள் எலிகளில் நினைவு குலைவதற்கு வெகு முன்பே சிதைவதைக் காட்டியது. அப்படியென்றால் அறுபதைத் தாண்டிய நோயாளியைப் பார்ப்பது காலம் கடந்த பார்வை. நாற்பத்தைந்து வயதுக்காரரைப் பார்க்க வேண்டும்.

அதற்குள் இந்தியாவில் மக்களிடையே எண்ணிக் கணக்கிடும் வேலை வேறொரு வழியில் வளர்ந்து வந்திருந்தது. அரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வு, 65 வயதைக் கடந்தவர்களில் அல்சைமர் உள்ளோர் 1.07 விழுக்காடு என்று 1998-இல் சொன்னது. உலகம் வியந்த குறைந்த அளவு அது. அந்தக் குழு எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகச் சோதனையைத் திருத்திய விதம் கவனிக்கத்தக்கது. ‘கண்களை மூடு’ என்று எழுதிக் காட்டி அதைப் படித்துச் செய்யச் சொல்வது மூலச் சோதனை. இங்கே சோதிப்பவர் தம் கண்ணை மூடிக் காட்டி, அதேபோல் செய்யச் சொன்னார். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்.

தமிழ்நாட்டின் பங்கும் பெரிது. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர்கள் திருப்போரூர்ப் பகுதியில் 60 வயதைக் கடந்தவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கு, அல்சைமரையும் உள்ளடக்கிய முதுமறதி நோய் (டிமென்ஷியா) இருப்பதாக 1997-இல் எழுதினார்கள். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்திலொரு பங்குகூட அங்கே நடக்கவில்லை என்பதைப் பெயரிலேயே தாங்கிய 10/66 குழு 1998-இல் உருவானது. அது சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் ஆய்வு நடத்தியது. 2008-இல் வந்த முடிவு திடுக்கிட வைத்தது. வழக்கமான அமெரிக்க வரையறைப்படி வேலூர்ப் பக்கம் 0.3 விழுக்காடுதான், கியூபாவிலோ 6.3. ஆனால் கல்வியின் தாக்கத்தைக் கழித்துப் பார்க்கும் 10/66 முறையில் வேலூர் அளவு பத்து விழுக்காட்டைத் தாண்டியது. அமெரிக்க வரையறை, நோய் என்று சொல்ல அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும் என்கிறது. வயதான அம்மிச்சியிடம் வீட்டில் யாரும் வேலை எதிர்பார்ப்பதில்லை. ‘வயசாச்சுங்க, அப்பிடித்தானுங்க இருப்பாங்க’ என்று பேரன் சொல்லிவிட்டால் கணக்கில் நோய் இல்லை. 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம்.

இந்த இரண்டு நீரோட்டமும் சேரும் இடம் கோலார் மாவட்டத்தின் ஸ்ரீநிவாசபுரா, மாம்பழத்துக்குப் பேர்போன வட்டம். தொழிலதிபர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் அறக்கட்டளையின் 225 கோடி ரூபாய் உறுதிமொழியால் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உருவான மூளை ஆராய்ச்சி மையம், விஜயலட்சுமியின் தலைமையில் அங்கே 45 வயதைக் கடந்த 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை 2018-இல் தொடங்கியது. நினைவுச் சோதனை, இரத்தம், மரபணு, மூளைப் படம் எல்லாம் உண்டு.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த சுதா சேஷாத்ரி அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகர ஆய்வில் செய்ததும் இதே வகை வேலை. இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடினால் அல்சைமர் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று 2002-இல் காட்டினார். அதே ஊரில் முதுமறதி நோய் புதிதாக வரும் வேகம் முப்பதாண்டுகளில் குறைந்து வந்ததை அவரும் சக ஆய்வாளர்களும் 2016-இல் நிறுவினார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே அந்தக் குறைவு தெரிந்தது.

இனி பல்லடம். நோய்க் காரணிகளை ஆராய்ந்த லான்செட் ஆணையம், திருத்தக்கூடிய பதினான்கைச் சரிசெய்தால் உலகின் முதுமறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் கணித்தது. அவற்றில் முன்வரிசையில் நிற்பது நடுவயதுச் செவித்திறன் இழப்பு. பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோனுக்குள் ஒருமுறை நுழைந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடா இருபுறமும் மோதி ஓடும் தறிகளுக்கு நடுவே தறி ஓட்டுகிறவர்கள் வாயசைவையும் கையசைவையும் வைத்தே பேசிக்கொள்கிறார்கள். பாவு அறுந்ததை விரலைக் காட்டிச் சொல்கிறார்கள். இத்தகைய கூடங்களில் ஒலி 90 டெசிபலைத் தாண்டுவதை இந்திய ஆய்வுகள் பல பதிவுசெய்துள்ளன. பள்ளியைப் பாதியில் விட்டுத் தறிக்கு வந்தவர்கள் இவர்களில் பலர். இரவு ஷிஃப்ட்டும் சேர்ந்துகொள்கிறது. கல்விக் குறைவும் செவியிழப்பும் ஒரே உடலில் கூடும்போது என்ன ஆகும் என்பதை மாந்தோப்பு விவசாயிகளைப் பின்தொடர்ந்து அறிய முடியாது.

ஆகவே பல்லடம் உள்ள கொங்கு நாட்டுக்கென ஒரு நெடுங்கால ஆய்வு வேண்டும். கோவையின் மருத்துவக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அதற்கான ஆள்பலம் உண்டு. அதன் முதல் சோதனை செவிச் சோதனையாக இருக்க வேண்டும். கேட்காத காதோடு ஒருவரை உட்கார வைத்து மூன்று சொற்களைச் சொல்லி, பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னால் அவர் தோற்பார்; அது மறதி என்று பதிவாகிவிடும். தறி ஓட்டியவருக்குச் சொல்லுக்குப் பதில் பொருளைக் காட்ட வேண்டும்: தார்க்குச்சி, நாடா, கத்தரிக்கோல். காட்டி மறைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்கலாம்.