குண்டூசி பொறுக்கியவர்

வங்கி முதலாளி என்றாலே பரம்பரைப் பணக்காரர் என்று நினைக்கிறோம். பிரான்சின் ழாக் லஃபீத் ஒரு தச்சரின் மகன். 1767-இல் பயோன் நகரில் பிறந்தார். வீட்டில் பத்துப் பிள்ளைகள்.

பாரிசில் பெரகோ என்பவரின் வங்கியில் வேலை கேட்டாராம். இல்லை என்றார்களாம். திரும்பும்போது முற்றத்தில் கிடந்த குண்டூசியைக் குனிந்து எடுத்தாராம். அதைப் பார்த்த முதலாளி கூப்பிட்டு வேலை கொடுத்தாராம். இத்தனை 'ஆம்' வரும் கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 1788-இல் எழுத்தராகச் சேர்ந்தவர், கூட்டாளியாகி, 1804-இல் அந்த வங்கிக்கே தலைவரானார் என்பது வரலாறு. 1814-இல் பிரான்சு வங்கியின் ஆளுநர்! வாட்டர்லூவில் தோற்று நாட்டைவிட்டுப் போகும்போது நெப்போலியன் தன் பணத்தை நம்பி ஒப்படைத்தது இவரிடம்தான்.

1830 புரட்சியில் லூயி பிலிப்பை அரசராக்க முன்னின்றார். பிரதமரும் ஆனார். அதே சமயம் பணநெருக்கடியில் வங்கி நொடித்தது. 1831 மார்ச்சில் பதவியும் போயிற்று. சொத்துகளை விற்றுக் கடனை அடைத்தார். பாரிஸ் வீடும் கைவிட்டுப் போகும் நிலை வந்தபோது மக்கள் நிதி திரட்டி மீட்டுக்கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் குண்டூசியைவிட இதையல்லவா சொல்ல வேண்டும்!

1837-இல், எழுபது வயதில், தொழில்களுக்குக் கடன் கொடுக்கப் புதிய வங்கி ஒன்றைத் தொடங்கினார். 1844-இல் காலமானார். பாரிசில் அவர் பெயரில் ஒரு தெரு இன்றும் இருக்கிறது.