காட்டு என்னும் அடைமொழி

இராஜாக்கமங்கலம் கடலோர ஊர். அங்கும் வேலிச்செடிக்குக் காட்டாமணக்கு என்றே பெயர். வனமில்லா ஊரில் காடு எங்கிருந்து வந்தது?

தொல்காப்பியத்தில் காடு முல்லை நிலத்தைக் குறிக்கும். சுடுகாட்டில் அது ஈமநிலம், 'காடு கழனி' என்கையில் மானாவாரிப் புன்செய், வெள்ளக்காட்டில் மிகுதி. செடிப்பெயரில் வரும் 'காட்டு' மனிதன் பேணி வளர்க்காததைச் சுட்டுகிறது. மருந்தெண்ணெய் தரும் ஆமணக்கிலிருந்து நச்சு விதையுடைய இதனைப் பிரித்தறிய அவ்வடைமொழி உதவிற்று.

காட்டாமணக்கின் தாயகமோ நடு அமெரிக்கா. போர்த்துக்கீசியர் வழியே அது இங்கு வந்ததாகத் தாவரவியலார் கருதுவர். அதே கண்டத்து மிளகாயை நாம் அடுக்களைக்குள் ஏற்றோம். இதனை வேலியில் நிறுத்தினோம். ஆடு கடிக்காத அச்செடி நம் பயிரைக் காத்தது. ஆகவே 'காட்டு' என்ற சொல்லைக்கொண்டு ஒரு செடியின் பூர்வீகத்தைக் கணிக்கலாகாது. அதில் பதிந்திருப்பது நம் முன்னோரின் மதிப்பீடு.