மழையில் நின்ற வெற்றியாளர்: பாப்வா செவ்கோலம்

தென்னாப்பிரிக்க இன ஒதுக்கல் கொள்கை என்றதும் மண்டேலாவின் பெயரைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம், இல்லீங்களா? இந்த முறை ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் செவ்சங்கர் செவ்கோலம். டர்பன் மக்கள் அவரைப் பாப்வா என்றுதான் கூப்பிட்டார்கள்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராசிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. பத்தே நாளில் கல்கத்தாவிலிருந்து 'பெல்வெடேர்' வந்தது. அங்கே கரும்பு, இங்கே ரப்பர். நம் மாணவர்களுக்கு இந்தக் கதையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பாப்வா தமிழர் அல்லர், வட இந்திய வழி வந்தவர். ஆனால் அவர் பிறந்தது இந்த இரண்டு கப்பல் ஜனங்களின் பிள்ளைகளும் சேர்ந்து வாழ்ந்த ஊரில்.

வீட்டில் ஏழ்மை, முறையான படிப்பும் கிடையாது. வெள்ளையர்கள் ஆடும் திடலில் மட்டைப்பை தூக்கும் கேடி வேலைதான் கிடைத்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் அவருடைய பிடியே தலைகீழாக அமைந்துவிட்டது. வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைப்பார்கள். இவர் மாற்றி வைத்தார். ஒரு மாணவனிடம் துடைப்பக் கட்டையைக் கொடுத்து அப்படிப் பிடித்து வீசச் சொல்லிப் பாருங்க, எவ்வளவு கஷ்டம் என்று வகுப்புக்கே புரிந்துவிடும்.

அந்தப் பிடியோடுதான் 1959-ல் ஐரோப்பா போனார். உதவியவர் கிரகாம் வுல்ஃப் என்ற வேதியியலாளர். கடையில் பார்க்கிறோமே 'ஓலே' முகப்பூச்சு, அதை உருவாக்கியவர் இவர்தான். அந்த முதல் பயணத்திலேயே டச்சு ஓப்பன் பட்டம் பாப்வாவுக்குக் கிடைத்தது. 1960-லும் 1964-லும் மறுபடி அதே பட்டம். அதே 1959-ல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற கேரி பிளேயரும் தென்னாப்பிரிக்கர்தான், வெள்ளையர். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஆனால் ஊர் திரும்பினால் ஒருவருக்கு எல்லாத் திடலும் திறந்திருக்கும், இன்னொருவர் ஒவ்வொரு போட்டிக்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

1963-ல் டர்பனில் நடந்த நேட்டால் ஓப்பனில் ஆட அனுமதி கிடைத்தது. பாப்வா ஜெயித்தும் விட்டார். ஆனால் கிளப் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. வெளியே, கொட்டும் மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை என்றானது. ஒரு படம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. ஆனாலும் விளையாட்டில் இன ஒதுக்கல் எப்படியிருக்கும் என்பதை ஒரே பார்வையில் காட்ட அதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது சிரமம்.

இந்த மழைப் படத்தோடு பெரும்பாலோர் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் "ஐயோ பாவம்" என்கிறார்கள், அதோடு சரி. ஆனால் 1965-ல் பாப்வா மறுபடி நேட்டால் ஓப்பனை வென்றார். தோற்றவர்களில் கேரி பிளேயரும் ஒருவர்! அமெரிக்க ஓப்பனையும் வென்று, கோல்ஃபின் நான்கு பெரும் பட்டங்களையும் பிளேயர் முழுமையாக்கியது அதே 1965-ல்தான். பாவப்பட்ட கேடி என்றால் பரிதாபப்பட்டுக் கோப்பை கொடுத்துவிடலாம். நாட்டின் முதல்தர வீரரையே தோற்கடிக்கிறவரை என்ன செய்வது?

அரசாங்கம் செய்தது இதுதான்: வெள்ளையர் ஆடும் போட்டிகளில் கலந்துகொள்ள அவருக்கு அனுமதி மறுத்தது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிக்கலாம் என்றால் கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டது. நல்ல ஆட்டத்தில் இருந்த ஒருவருடைய பிழைப்பு அதோடு முடிந்தது. அதற்கு மழையும் இல்லை, படமும் இல்லை. யாரோ ஓர் அதிகாரி மேசையில் போட்ட கையெழுத்துதான். வகுப்பில் பாதி நேரத்தையாவது இந்தக் கையெழுத்துக்கு ஒதுக்கச் சொல்லுவேன். அனுமதி, கடவுச்சீட்டு, குடியிருப்புப் பகுதிச் சட்டம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, இவற்றில் எது அவரை அதிகம் தாக்கியது என்று மாணவர்களையே வாதாடவிடுங்கள்.

பாப்வா 1978-ல் மாரடைப்பால் காலமானார். அப்போதும் இன ஒதுக்கல் சட்டங்கள் நடைமுறையில்தான் இருந்தன. பின்னாளில் டர்பனில் ஒரு கோல்ஃப் திடலுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.