எண்ணிக்கையில் அடங்காத குழந்தை

அகத்திய முனிவர் தமிழுக்கு இலக்கணம் வகுத்தார் என்பது நம் முன்னோர் போற்றி வந்த மரபு. அம்முனிவரின் பெயர் தாங்கிய அகத்தியர்கூட மலைக்கு ஏறுவோர் இன்றும் போணக்காட்டிலிருந்தே புறப்படுகின்றனர். போணக்காட்டுக்கும் பொன்முடிக்கும் செல்லும் வழியில் அமைந்த ஊர், நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்த வித்துரா. தமிழ் முனிவரின் மலையடியில் பிறமொழியில் பாடம் கேட்க நேரும் தமிழ்க் குழந்தைக்கு வகுப்பறையில் யார் துணை? இவ்வினா நம் ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் நிற்பது.

இம்மலைகளில் வெள்ளையர் தேயிலைத் தோட்டங்கள் அமைத்த காலத்தில் தமிழகத்திலிருந்து உழைப்பாளிகள் பலர் வந்து குடியேறினர். தோட்டத்தில் தமிழ் வழங்கிற்று, மலையை விட்டு இறங்கினால் மலையாளம், அலுவலகத்தில் ஆங்கிலம். மூன்று மொழிகளுக்கிடையே அவர்தம் மக்கள் வளர்ந்தனர். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகள் 25-க்கு மேற்பட்ட தோட்டங்களில் முதலாளியே கல்வி வசதி செய்து தருமாறு விதி வகுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது.

திருவிதாங்கூர் கல்விக்குப் புதிய நாடன்று. 1817-இலேயே ராணி கௌரி பார்வதி பாய், மக்கள் கல்விச் செலவை அரசே ஏற்றல் வேண்டும் என ஆணையிட்டார். 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தோன்றிற்று. அப்பள்ளியின் வழிவந்த மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளையே, லிட்டனின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1891-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். தாய்மொழி வேரூன்றிய உள்ளத்தில் ஆங்கிலம் செழிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விடுதலைக்குப் பின் இச்சிக்கலைத் தேசத் தலைவர்களும் உணர்ந்தனர். 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள், ஒரு பள்ளியில் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருப்பின் தொடக்கக் கல்வியை அவர்தம் தாய்மொழியில் அளிக்க ஆசிரியரை அமர்த்துதல் வேண்டும் எனத் தீர்மானித்தனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரளம் உருவாயிற்று; தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. எல்லைக்கு இப்பால் எஞ்சிய தமிழர் சிறுபான்மையினர் ஆயினர். சிறுபான்மை மொழிக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்தல் வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 350-அ பிரிவும் அந்நாளிலேயே நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் பத்தும் நாற்பதும் சேராத வகுப்பில் தனித்து அமர்ந்திருக்கும் ஒரு குழந்தையின் நிலை யாது?

இவ்வினா கடல் கடந்தும் எழுந்ததுண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீனக் குழந்தைகள் ஏறத்தாழ 1,800 பேர் தனித்துணை ஏதுமின்றி இருந்தனர். 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் அளித்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது. மொழி புரியாதவனுக்கு அக்கல்வி பொருளற்றது என்று ஒருமனதாகத் தீர்ப்புக் கூறிற்று. எனினும் அத்தீர்ப்பை ஏற்ற நீதிபதி பிளாக்மன், எண்ணிக்கையே இவ்வழக்கின் உயிர்நாடி என்றும், ஒரு சிலரே இருப்பின் தம் முடிவு வேறாகலாம் என்றும் தனியே எழுதினார். சட்டம் தலைகளை எண்ணுகின்றது. ஆசிரியரோ முகங்களைக் காண வல்லவர்.

தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே. மலையாளத்தில் அவ்வினத்தில் நான்கு. ஆகவே தமிழ்ப் பிள்ளை அவற்றை மயங்கி ஒலிப்பதும், ஆங்கிலத்தில் ஒலிப்புடைய எழுத்தையும் ஒலிப்பற்ற எழுத்தையும் மாற்றி உரைப்பதும் அறிவின் குறையன்று, தாய்மொழியின் ஒழுங்கு. இதனை உணர்ந்த ஆசிரியர் நகையாமல் திருத்துவார். முதலில் படத்தைக் காட்டிப் பொருளை உணர்த்துவார். இருமொழி அறிந்த தோழனை அருகில் அமர்த்துவார். சில நாள் மௌனமாய்க் கேட்டிருக்கவும் இடம் தருவார். நகைப்புக்கு அஞ்சி வாய் மூடிய பிள்ளை மும்மொழியிலும் ஊமையாவான்.

இது நடவாத காரியமன்று. 2017-இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டம், பிற மாநிலத் தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்திற்கு முன்னரே தனி வகுப்பு நடத்திற்று. அவர்தம் மொழி அறிந்த தொண்டர்கள் துணைநின்றனர். காலை உணவும் வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் நாம் நின்ற இடத்தில் இன்று வங்க, ஒடியக் குழந்தைகள் நிற்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

அன்பர்களே! வீட்டில் தமிழை விலக்கினால்தான் ஆங்கிலம் வரும் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அந்த அச்சத்தை விடுவோம். பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை போதுமாயின் நம் உரிமையைப் பணிவுடன் கேட்போம். போதாதாயின், நம் திண்ணையில் ஒரு மணி நேரம், மொழி அறியாது திகைக்கும் எக்குழந்தைக்கும் அமர இடம் தருவோம். அக்குழந்தை தமிழ்க் குழந்தைதானா என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.