சிறு சரக்கும் பெரிய ஒப்பந்தமும்: பொருநைக் கரையிலிருந்து இலங்கை வணிகம்

தெற்காசிய நாடுகள் தமக்குள் நடத்தும் வணிகம், அவற்றின் மொத்த வணிகத்தில் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது என்று உலக வங்கி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. 2004இல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்த தெற்காசியத் தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தத்தால் (சாஃப்டா) இந்த நிலை பெரிதாக மாறவில்லை. இதற்கு இந்திய–பாகிஸ்தான் பகையைக் காரணம் காட்டுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் அப்படிப்பட்ட பகை இல்லாத, சாஃப்டாவுக்கு முன்பே தனி ஒப்பந்தம் செய்துகொண்ட இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலும் திருநெல்வேலிச் சீமையின் சிறு வணிகருக்குக் கடல் ஏன் அகலமாகவே இருக்கிறது? தீர்வைக் குறைப்பையே வணிக எளிமை என்று கொண்டதுதான் இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். சரக்கு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கட்டுப்படியாகும் விலையில் எல்லை கடக்க முடிகிறதா என்பதே எளிமைக்கு உரிய அளவுகோல்.

கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என பொருநை எனும் தாமிரபரணி ஆற்றின் வண்டலுக்கும் அரசியலுக்கும் ஏற்ப அதன் பள்ளத்தாக்கின் துறைமுகம் இடம் மாறிவந்த கதை பலரும் எழுதியது. நமக்கு வேண்டியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1872 முதல் இலங்கையிலும் ரூபாயே நாணயம். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது; சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர் அங்கேயே கப்பலேறிக் கொழும்புக்குப் போகலாம். நீராவிக் கப்பலைத் தவிரத் தோணியும் இருந்தது. சில நூறு டன் கொள்ளும் மரக்கலம் அது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஓடாது, மற்ற நாட்களில் வத்தல், வெங்காயம், கருவாடு, கருப்பட்டி, ஓடு என எதையும் ஏற்றும். பத்து மூட்டைக்காரருக்கும் அதில் இடம் உண்டு. காயல்பட்டினத்தாரும் உடன்குடியாரும் கொழும்பில் கடை வைத்திருந்ததால், அனுப்புபவரும் பெறுபவரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர், சில வேளை ஒரே குடும்பத்தார். கடனுக்கு ஈடு கேட்க வேண்டிய தேவை எழவில்லை. காலனிய ஆட்சியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதே கப்பல்களில்தான் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளும் போனார்கள். ஒரே நாணயம், அடிக்கடிக் கலம், ஆளறிந்த கடன் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்ததால் சிறு சரக்கு கடல் கடந்தது என்பதே இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது.

இவற்றுள் கலம் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை வ.உ.சிதம்பரம் பிள்ளை நன்கு புரிந்துவைத்திருந்தார். அவர் நிறுவி, 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். பங்கு வாங்கும் உரிமை இந்தியருக்கு மட்டும் என்று வைக்காமல், இலங்கையர் உள்ளிட்ட ஆசியர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்றைய வட்டார ஒப்பந்தங்களில்கூட அரிதான ஏற்பாடு இது: இரு கரைக்காரரும் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் உடைமையாளர்கள். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்ததும், இவ்வழியில் ஏற்கெனவே கப்பல் ஓட்டிவந்த பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். தேசபக்திக் கதையாகவே நாம் இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். வணிக வரலாறாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. எந்த அரசும் தீர்வையில் கை வைக்காமலேயே, போட்டியாக ஒரு கம்பெனி வந்த மாத்திரத்தில் கொழும்புப் பயணச் செலவு சரிந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டபின் கம்பெனி நொடிந்தது.

அதன் பிறகு நடந்தது படிப்படியான அடைப்பு. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, கொழும்புக் கப்பலோடு இணைந்த ‘போட் மெயில்’ ரயிலின் வழி தனுஷ்கோடிக்கு மாறியது. 1964 புயல் தனுஷ்கோடியையும் கொண்டுபோயிற்று. இதற்கிடையே குடிவரவுச் சட்டங்கள் வந்தன. 1950இல் இலங்கை மத்திய வங்கி தோன்றி நாணயம் பிரிந்தது, செலாவணிக் கட்டுப்பாடு பின்தொடர்ந்தது. எண்பதுகளில் இலங்கையில் உள்நாட்டுப் போர். 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு இடையே தொடங்கிய ஸ்காட்டியா பிரின்ஸ் பயணக் கப்பல் அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது.

இந்தப் பின்னணியில் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பெயரில் தடையற்றது, ஆனால் தொடக்கத்தில் இந்தியா 429 பொருள்களையும் இலங்கை 1,180 பொருள்களையும் விலக்குப் பட்டியலில் வைத்தன. தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ, ஆயத்த ஆடைக்கு 80 லட்சம் உருப்படி என இந்தியா வரம்பு கட்டியது; குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் அவை வரலாம் என்றும் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் கிடைத்த சலுகையை முதலில் பயன்படுத்திக்கொண்டவர் யார்? பாமாயிலுக்கும் செம்புக்கும் இரு நாட்டுத் தீர்வையிலும் இருந்த வேறுபாட்டைக் கண்டு, இலங்கையில் வனஸ்பதி ஆலையும் செம்பு ஆலையும் போட்டு, பொருளை மீண்டும் இந்தியாவுக்கே அனுப்பியவர்கள். அந்த ஏற்றம் சில ஆண்டுகளில் அடங்கியது. மிளகில் பிறகு இதேபோன்ற சிக்கல் எழ, 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது.

இதில் சூழ்ச்சி எதையும் தேட வேண்டியதில்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. தீர்வை என்பது சரக்கு மதிப்பில் ஒரு விழுக்காடு. சான்று, பரிசோதனை, சுங்க முகவர் கூலி ஆகியவை அப்படியல்ல. சரக்குப் பெட்டி நிறைந்திருந்தாலும் கால்வாசி காலியாக இருந்தாலும் தடவைக்கு இவ்வளவு என்றே பெரும்பாலும் விழும். பத்தமடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்குக் கோரைப்பாய் அனுப்புகிறார் ஒருவர், ஆவணச் செலவு பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது பதினைந்து விழுக்காட்டுத் தீர்வைக்குச் சமம். ஒரு கோடிக்கு அனுப்புபவருக்கு அதே தொகை அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. தீர்வையைப் பூஜ்யமாக்கினாலும் முதலாமவரின் பதினைந்து அப்படியே நிற்கும். அவர் வழக்கமாகச் செய்வது என்னவென்றால், சென்னை ஏற்றுமதியாளர் ஒருவருக்கு விற்றுவிட்டுச் சும்மா இருப்பது.

தோற்ற விதிகளையும் சேர்த்துப் பார்க்கலாம். பொருளின் ஏற்றுமதி மதிப்பில் 35 விழுக்காடு உள்நாட்டு மதிப்புக்கூட்டலாக இருக்க வேண்டும். மற்ற நாட்டின் மூலப்பொருளைப் பயன்படுத்தினால் 25 போதும், இரண்டும் சேர்ந்து 35 வர வேண்டும். பொறியியல் நிறுவனத்துக்கு இது ஒரு கணக்காளரின் அரைநாள் வேலை. பனங்காட்டில் பதநீர் காய்ச்சுபவரின் கருப்பட்டி முழுக்க உள்நாட்டுப் பொருள் என்பதால் அதற்கு இந்த விழுக்காட்டுக் கணக்கு தேவையில்லை; ஆனால் சலுகை வேண்டுமென்றால் தோற்றச் சான்று அதற்கும் வாங்கியாக வேண்டும். இந்தியா 2020 செப்டம்பரில் கொண்டுவந்த தோற்ற விதி நிர்வாக ஒழுங்குகள், இறக்குமதி செய்பவரே தோற்றம் பற்றிய தகவலைத் திரட்டி ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. முறைகேட்டைத் தடுக்க இது தேவைதான். ஆனால் கொழும்பிலிருந்து சிறு அளவில் கிராம்பு வரவழைக்கும் திருநெல்வேலிப் பலசரக்கு வியாபாரிக்கும் விதி அதுவே.

மறுகரையிலோ, வெங்காயம், வத்தல், பருப்பு, கருவாடு போன்ற, இந்தக் கரையின் பழைய ஏற்றுமதிகள்மீது இலங்கை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற ஒற்றை வரியை நெடுங்காலமாக விதித்துவந்தது. பிற வரிகளுக்குப் பதிலாகக் கிலோவுக்கு இவ்வளவு என்று போடுவது. கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் உள்நாட்டு அறுவடைக் காலம் வந்தால் வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு ஒன்றில் அது ஏறிவிடும். சரக்கு கடலில் இருக்கும்போதே கணக்கு மாறலாம். பெரிய இறக்குமதியாளர் கிடங்கில் வைத்துக் காத்திருப்பார். ஒரே லோடை நம்பியவர் அதோடு தொழிலை விட்டுவிடுவார்.

இப்படி அடைபட்ட வணிகம் எங்கே போகிறது என்பதற்குத் தூத்துக்குடிக் கடற்கரையே சான்று. திருநெல்வேலி, தென்காசிப் பகுதியின் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் சுற்றும் பீடிக்கான இலை மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வருகிறது. இலங்கையிலும் அதே இலைக்குத் தேவை உண்டு, இறக்குமதி வரியோ மிக அதிகம். விளைவாக, இரவில் நாட்டுப்படகில் போகும் பீடி இலை மூட்டைகளைப் பிடிப்பது இங்கே வாடிக்கைச் செய்தியாகிவிட்டது. இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி அங்கே விலை தலைக்கேறிய 2020இல் மஞ்சள் மூட்டைகளும் அதே வழியில் போயின. கடத்தலை நியாயப்படுத்தவில்லை, கடத்தப்படும் பொருளின் பட்டியல், ஒப்பந்தம் எழுதியவர்கள் கவனிக்காமல் விட்டவற்றின் பட்டியலாகவும் இருக்கிறது என்கிறேன்.

இன்னொரு முரணும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் பெட்டிகளில் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறுகிறது. ஆக, ஓரிரவுத் தொலைவிலுள்ள கொழும்பு நமக்கு வழியாக மிக அருகில் இருக்கிறது, சந்தையாகத் தொலைவில் இருக்கிறது. எஞ்சிய தோணிகள் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றி மாலத்தீவுக்கு ஓடுகின்றன. சிறிய கலத்துக்கு இன்றும் தொழில் உண்டு என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

மாற்று முறைகளுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. இந்திய–வங்கதேச எல்லையில் 2011இல் மேகாலயத்தின் கலாய்ச்சரில் தொடங்கிய எல்லைச் சந்தைகளில், அருகிலுள்ள ஊர்க்காரர்கள் உள்ளூர்ப் பொருளை ஓர் உச்சவரம்புக்குள் தீர்வையின்றி விற்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகளில் 2,000 டாலருக்கு உட்பட்ட சரக்குக்கு எளிய தோற்றச் சான்று, எல்லையிலேயே. கடலுக்கு இரண்டையும் அப்படியே பெயர்க்க முடியாது. நடுக்கடலில் சந்தை கூட்ட இயலாது. ஆனால் தூத்துக்குடியிலும் கொழும்பிலும், மதிப்பு வரம்புக்கு உட்பட்ட சரக்குக்கு ஒரே ஆவணத்தில் முடியும் தனிச் சாளரம் வைக்கலாம். ஒரு கரையின் பரிசோதனைச் சான்றை மறுகரை ஏற்கலாம். 2022 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள ரூபாயிலேயே வணிகக் கணக்கைத் தீர்க்கும் முறையைச் சிறு கணக்குகளுக்கும் வங்கிகள் திறந்துவிடலாம். 2024இல் இலங்கைக்குப் போன யூ.பி.ஐ. இப்போதைக்குச் சுற்றுலாப் பயணியின் சாப்பாட்டுக் கட்டணத்துக்கு உதவுகிறது, வத்தல் மூட்டைக்கு அல்ல.

எதிர்வாதங்களில் வலுவானது வருவாய் இழப்பு பற்றியதன்று, இலங்கை விவசாயி பற்றியது. யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய்க்காரரும் தம்புள்ளை வெங்காயக்காரரும் இந்தியச் சரக்கைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் உண்டு. 2016 முதல் பேசப்பட்டு இன்னும் கையெழுத்தாகாத இந்திய–இலங்கைப் பொருளாதார, தொழில்நுட்பக் கூட்டுறவு ஒப்பந்தம் தடைபட்டு நிற்பதற்கும் அளவில் பெரிய அயலானைப் பற்றிய அச்சம் ஒரு காரணம். ஆனால் அவர்களின் சந்தையைக் குலைக்கக்கூடியது கப்பல் கப்பலாக இறங்கும் சரக்கு. வரம்புக்குட்பட்ட தோணிச் சரக்கால் அது ஆகாது. பருவ வரியை எடுத்துவிடவும் தேவையில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே, விதைப்புக்கு முன்னால், எந்த மாதம் எவ்வளவு என்று இரு கரைக்கும் அறிவித்துவிட்டால் அங்கே பயிரிடுபவர், இங்கே ஏற்றுபவர் இருவருமே கணக்குப் போட்டுக்கொள்ள முடியும். அதற்குப் புதிய ஒப்பந்தம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு வர்த்தமானி அறிவிப்பின் தேதியை மாற்றினால் போதும்.