பிக்கப் வாகனம் வாங்கப் போகிறீர்களா? தள்ளுபடிக்கு முன் பார்க்க வேண்டிய கணக்குகள்

புது தில்லி: சந்தைக்குக் காய்கறி, கட்டுமான இடத்துக்குச் சிமென்ட், கடையிலிருந்து வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி என நாடு முழுவதும் அன்றாடச் சரக்குகளைச் சுமந்து செல்பவை சிறிய பிக்கப் வாகனங்கள். 2005-ஆம் ஆண்டு டாடா நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஏஸ்' வாகனம் வட மாநிலங்களில் 'சோட்டா ஹாத்தி' என்றும், தமிழகத்தில் 'குட்டி யானை' என்றும் பெயர் பெற்றது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப், 2011-இல் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த், 2016-இல் வந்த மாருதி சுசூகியின் சூப்பர் கேரி ஆகியவை இப்பிரிவில் பரவலாகக் காணப்படும் பிற வாகனங்கள்.

இவற்றை வாங்குவோரில் பலர், ஒரே வாகனத்தை வைத்துத் தாமே ஓட்டிப் பிழைப்பவர்கள். சொத்து, தொழில், கடன் மூன்றும் அவர்களுக்கு அந்த ஒரு வாகனத்திலேயே அடங்கியுள்ளன. எனவே, ஷோரூமில் குறைத்துக் கொடுக்கப்படும் சில ஆயிரம் ரூபாயை வைத்து மட்டும் 'நல்ல விலை' என்று முடிவு செய்துவிட இயலாது. கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது கையிலிருந்து சென்றிருக்கும் மொத்தத் தொகையே வாகனத்தின் உண்மையான விலை.

எந்த அளவு வாகனம் தேவை?

பேரம் பேசுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது, வழக்கமாக ஏற்றப்போகும் சுமையின் எடை. விலை குறைவு என்பதற்காகச் சிறிய வாகனத்தை வாங்கி, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது இறுதியில் செலவையே கூட்டும். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்படலாம். பட்டை ஸ்பிரிங், டயர், பிரேக் ஆகியவற்றின் தேய்மானம் இதற்குத் தனி.

தேவையை மீறிப் பெரிய வாகனம் வாங்குவதும் லாபமல்ல. சுமையையும் சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனங்களுக்கு அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட், தேவையில்லை எனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. அந்த எல்லையைத் தாண்டும் மாடலை வாங்கினால் பெர்மிட்டுக்கான செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்தைப் பொருத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. சிறிய பிக்கப் வாகனங்கள் அனைத்தும் இந்த வரம்புக்குள் அடங்கும்.

வரி குறைந்ததன் பலன்

சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் வாகன விலை 10 சதவீதம் குறையும் எனப் பலர் கருதுகின்றனர். வரி அடிப்படை விலையின் மீதே கணக்கிடப்படுவதால், வரியுடன் சேர்ந்த விலையில் குறைவது சுமார் 7.8 சதவீதம். முன்பு வரி உட்பட 8 லட்சம் ரூபாயாக இருந்த வாகனத்தின் அடிப்படை விலை 6.25 லட்சம். அதனுடன் 18 சதவீத வரியைச் சேர்த்தால் 7,37,500 ரூபாய் வரும். குறைவு 62,500 ரூபாய்.

பழைய வாகனங்களை ஒப்பிடும்போதும் இது முக்கியம். வரிக் குறைப்புக்கு முன் வாங்கிய ஒருவர், தாம் கொடுத்த விலையிலிருந்து கழித்தே தம் வாகனத்துக்கு விலை சொல்வார். வாங்குபவர் கழிக்க வேண்டியது அதே மாடலின் இன்றைய புதிய விலையிலிருந்து.

ஜிஎஸ்டி பதிவு பெற்று, வரிக்கு உட்பட்ட வணிகம் செய்வோர், சரக்கு வாகனத்துக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெற முடியும். கார்களுக்குப் பொதுவாக இந்தச் சலுகை இல்லை. ஆனால், அந்த வரித் தொகையையும் சேர்த்து வருமான வரியில் தேய்மானம் கோரினால் இந்த வரவைப் பெற இயலாது. பதிவு பெறாதவர்களுக்கும், காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் இது கிடைக்காது. அவர்கள் வரி உட்பட்ட விலையையே முழுச் செலவாகக் கொள்ள வேண்டும்.

ஆன் ரோடு விலையைப் பிரித்துப் பார்த்தல்

எக்ஸ் ஷோரூம் விலையுடன் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, கூடுதல் உதிரிகள், பின்புறப் பெட்டி கட்டும் செலவு ஆகியவை சேர்ந்ததே ஆன் ரோடு விலை. இவற்றில் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசு நிர்ணயிப்பவை, பேரத்துக்கு இடமில்லை. மற்றவை ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதித் தரும்படி கேட்பது நல்லது. 'கையாளும் கட்டணம்' போன்ற தலைப்புகளில் ஏதேனும் சேர்க்கப்பட்டிருந்தால், அது எதற்கு எனக் கேட்டு நீக்கச் சொல்லலாம்.

காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் கட்டணம் அரசு அறிவிப்பது என்பதால் எந்த நிறுவனத்திலும் ஒன்றே. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களுக்கு 2022-ஆம் ஆண்டு அறிவிப்பில் இது 16,049 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. சொந்த வாகனச் சேதத்துக்கான கட்டணம்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விற்பனையாளர் காட்டும் காப்பீட்டையே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், வெளியில் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து ஒப்பிடலாம்.

தள்ளுபடி எதுவாயினும் அது விலைப்பட்டியலில் இடம்பெற வேண்டும். 'பிறகு தருகிறோம்' என்னும் வாய்மொழி உறுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆண்டிறுதிச் சலுகை

டிசம்பர் மாதத்தில் கையிருப்பைக் குறைக்க விற்பனையாளர்கள் கூடுதல் தள்ளுபடி தருவது வழக்கம். காரணம் எளிது. ஜனவரி பிறந்ததும் அந்த வாகனம் 'சென்ற ஆண்டு தயாரிப்பு' ஆகிவிடும். மறுவிற்பனையில் ஓராண்டு பழையதாக எண்ணப்படும். ஏழெட்டு ஆண்டுகள் வைத்து ஓட்டப் போகிறவருக்கு இது பெரிய இழப்பல்ல. இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்க நினைப்பவர், கிடைக்கும் தள்ளுபடி அந்த இழப்பை ஈடுசெய்கிறதா எனப் பார்க்க வேண்டும். தயாரிப்பு மாதமும் ஆண்டும் படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றில் குறிக்கப்பட்டிருக்கும்.

வருமான வரிக்காக மார்ச் இறுதியில் அவசரமாக வாங்குவோரும் உண்டு. ஒரு நிதியாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தப்பட்ட புதிய வாகனத்துக்கு, அந்த ஆண்டு பாதித் தேய்மானமே கோர முடியும் என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வட்டியில் மறையும் விலை

பேரத்தில் அதிகம் கவனிக்கப்படாததும், அதிகப் பணம் போவதும் கடனில்தான். வணிக வாகனக் கடன்களில் 'ஃபிளாட்' வட்டி என்று ஒரு விகிதம் சொல்லப்படுவதுண்டு. இதில் கடன் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி கணக்கிடப்படும்.

8 லட்சம் ரூபாய் கடன், ஐந்து ஆண்டுகள், 9 சதவீதம் என எடுத்துக்கொள்வோம். ஃபிளாட் முறையில் மொத்த வட்டி 3,60,000 ரூபாய். மாதத் தவணை சுமார் 19,333 ரூபாய். குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறையில் அதே 9 சதவீதத்துக்கு மாதத் தவணை சுமார் 16,607 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,96,400 ரூபாய். வேறுபாடு 1.63 லட்சம் ரூபாய்க்கு மேல். வேறு விதமாகச் சொன்னால், 9 சதவீத ஃபிளாட் வட்டி என்பது குறையும் நிலுவை முறையில் சுமார் 15.7 சதவீதத்துக்குச் சமம். ஷோரூமில் 20,000 ரூபாய் தள்ளுபடி பெற்றுவிட்டு இந்தக் கடனில் கையெழுத்திடுபவர், பெற்றதைப் போல எட்டு மடங்கை இழக்கிறார்.

இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கும், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. வங்கிகளுக்கும் வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது அந்த ஒரு எண்ணையே ஒப்பிட வேண்டும்.

சற்றே பழைய வாகனம் லாபமா?

ஓராண்டு, ஈராண்டு ஓடிய வாகனங்கள் தரகர்களிடமும், பழைய வாகன விற்பனையகங்களிலும், நிதி நிறுவனங்களின் ஏலங்களிலும் கிடைக்கின்றன. ஏலத்துக்கு வருபவற்றில், தவணை கட்ட முடியாமல் பறிமுதல் செய்யப்பட்டவையும் உண்டு. அத்தகைய வாகனம், முந்தைய உரிமையாளர் கையில் பணம் இல்லாத நாள்களில் ஓடியது. பராமரிப்பு விட்டுப் போயிருக்கலாம். ஏலத்தில் பொதுவாக 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையில் விற்கப்படுவதால், பின்னர் புகார் கூற இடமிருக்காது.

பழைய வாகனக் கடனுக்கு வட்டி பொதுவாக அதிகம். இரண்டுமே குறையும் நிலுவை முறையில், ஐந்தாண்டுக் கடன் எனக் கொள்வோம். புதிய வாகனத்துக்கு 8 லட்சம் ரூபாய் 10 சதவீதத்திலும், பழைய வாகனத்துக்கு 7 லட்சம் ரூபாய் 15 சதவீதத்திலும் கிடைத்தால், மொத்தமாகத் திருப்பிச் செலுத்துவது முறையே சுமார் 10.20 லட்சம், 9.99 லட்சம் ரூபாய். விலையில் தெரிந்த ஒரு லட்சம் ரூபாய் லாபம் சுமார் 20,700 ரூபாயாகச் சுருங்குகிறது. எனவே, முன்பணம் அதிகம் வைத்திருப்பவருக்கே சற்றே பழைய வாகனம் உண்மையான லாபம் தரும்.

பதிவு பெற்ற வணிகர் பழைய வாகனத்தை விற்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி முழு விலைக்கும் அல்ல, அவரது லாபத்துக்கு மட்டுமே. 5 லட்சத்துக்கு வாங்கி 6 லட்சத்துக்கு விற்றால் வரி ஒரு லட்சத்துக்கு 18,000 ரூபாய் மட்டும். முழு விலைக்கும் வரி கேட்டால் விளக்கம் கேட்கலாம்.

வாகனத்திலும் ஆவணத்திலும் பார்க்க வேண்டியவை

சேசிஸ் சட்டத்தில் வெல்டிங் தடயம், பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாகச் சேர்த்த தகடுகள், பெட்டியின் தளத்தில் வளைவு ஆகியவை அதிக பாரம் ஏற்றியதன் அடையாளங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஓடிய தொலைவு குறைவாகக் காட்டியும் டயர்கள் நான்கும் மாற்றப்பட்டிருந்தால், மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. சர்வீஸ் பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றின் காலத்தையும், கடன் பதிவு உள்ளதா என்பதையும் அறியலாம். நிலுவை அபராதங்களைத் தனியே சரிபார்க்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணும் வாகனத்தில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் அவசியம். எட்டு ஆண்டுகளுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். அதன் காலம் முடியும் தறுவாயில் இருந்தால், அச்செலவை விலையில் கழிக்கலாம்.

பெயர் மாற்றும் வரை பேரம் முடியவில்லை

முந்தைய கடன் தீர்ந்திருந்தால் படிவம் 35-உம் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-உம் தேவை. வேறு மாநில வாகனம் என்றால் படிவம் 28 மூலம் பெறும் தடையில்லாச் சான்றும் வேண்டும். விற்பவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற, வாங்குபவர் 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வாகனம் பல கைகள் மாறியிருந்தும் பதிவு மாறாத வழக்கு அது. ஆகவே, பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது விற்பவருக்கும் ஆபத்து. வாங்கியவருக்கோ, தவணை கட்டிவரும் வாகனம் சட்டப்படி தம்முடையது என்று காட்ட ஆவணம் இல்லாமல் போகும். விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடிந்த பின் தருவதாக எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.